கல்லறைக்குள் புகை ஐஸ்

போன மாதம் கம்பனிப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு பொதியறையில் ஒரு புதுக் கருவி பூட்டியிருக்கிறார்களாம். சுவரில் கணுக்கால் உயரத்தில் இருக்கிறதாம். அறையில் கெட்ட வாயு கூடினால் சிவப்பு விளக்கு எரிந்து, காது கிழியக் கத்துமாம். "எங்கட மூக்குக்குத் தெரியிறதுக்கு முந்தியே அதுக்குத் தெரிஞ்சிடுது அன்ரி" என்று ஒருத்தி பெருமையாகச் சொன்னாள். இன்னொருத்தி, "இது இல்லாத காலத்தில நீங்கள் எப்பிடி வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"பயந்து பயந்துதான் செய்தனாங்கள்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பயம் நல்ல சாமான்தான், ஆனால் பயத்தை நம்பி எத்தனை நாளைக்கு இருக்க முடியும்? மனிசருக்குக் களைப்பு வரும், வீட்டு யோசனை வரும், பயம் மறந்துபோகும். கருவிக்கு வீடுமில்லை, யோசனையுமில்லை. அது வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோசம். எங்கள் காலம்தான் திறம் என்று மூக்கால் அழுகிற ஆள் நானில்லை.

போகும்போது பிள்ளைகள், "நடந்ததுகளை எழுதித் தாங்கோ அன்ரி, புதுசா வாற ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டுவம்" என்று கேட்டார்கள். சரி, எழுதுகிறேன்.

எங்கள் கம்பனி, மன்னாரிலிருந்து கீரிக் கடற்கரைக்குப் போகிற வழியில், கடலைப் பார்த்தபடி நிற்கிற ஒரு நீளத் தகரக் கொட்டகை. நண்டு, இறால், கணவாய், நல்ல மீன் எல்லாம் வாங்கித் துப்புரவாக்கிப் பெட்டியில் அடைத்து, லொறியில் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து விமானத்தில் ஏற்றுவார்கள். நான் நண்டு உடைக்கிற பகுதியில்தான் சேர்ந்தேன். அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடு கீறியது, விரல் வீங்கியது, பிறகு பழகிப்போனது. கை சுறுக்கு என்று யாரோ சொல்லி, என்னைப் பொதியறைக்கு மாற்றினார்கள். அங்கேதான் ட்ரை ஐஸை முதன்முதலில் கண்டேன்.

அது தண்ணீரில் செய்த ஐஸ் இல்லை. நாங்கள் மூச்சு விடும்போது வெளியே போகிறதே காபனீரொட்சைட்டு, அந்த வாயுவை அழுத்திக் குளிராக்கிக் கட்டியாக்குகிறார்கள். உருகினால் தண்ணீராகாது. கட்டியிலிருந்து நேரே வாயுவாகிப் போய்விடும். மீன் நனையாது, பெட்டி ஒழுகாது என்பதால் விமானத்தில் போகிற சரக்குக்கு அதுதான் தோது. கொழும்பிலிருந்து கனத்த பெட்டிகளில் வரும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் பலகைகள் மாதிரி அடுக்கியிருக்கும், மேலே புகை தவழும். எங்கள் அறைப் பெண்கள் அதற்கு வைத்த பெயர் புகை ஐஸ்.

பொதியறைக்குப் பொறுப்பாக இருந்தவர் றபீக் சேர். கொண்டச்சி என்ற ஊர்க்காரர். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருசம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மெலிந்த மனிசன், எந்த வெக்கையிலும் சேட்டின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். சாதாரண நாளில் எங்கள் எல்லோருக்கும் "தங்கச்சி". கோபம் வந்தால் "அம்மா". றபீக் சேர் "அம்மா" என்று ஆரம்பித்தால் அறை முழுக்க வேலை நின்றுவிடும்.

ஒருமுறை ஒருத்தி மீன் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பசை ரேப் ஒட்டி இறுக்கி வைத்துவிட்டாள். சேர் அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்து, மிகவும் பணிவாகக் கேட்டார்.

"அம்மா, இந்தப் பெட்டி எங்கால மூச்சு விடும்?"

அவள் அவசரமாக ரேப்பை உரிக்கத் தொடங்கினாள்.

"உள்ள இருக்கிற கட்டி எல்லாம் வாயுவாகும். வாயுவுக்கு இடம் வேணும். நீங்க வழி விடாட்டி அது தானா வழி எடுக்கும். பெட்டி வெடிக்கும். விமானத்தில வெடிச்சா என்ன செய்வீங்க அம்மா?"

அன்றைக்கு முழுக்க அவள் அழுதாள். பின்னேரம் சேர் அவளுக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து, "தங்கச்சி" என்று கூப்பிட்ட பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு ஆறியது.

பெட்டி திறப்பதற்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு ஒருநாளும் மாறவில்லை. முதலில் இரண்டு பக்கக் கதவும் திறக்கவேண்டும். திறந்தவள் "கதவு திறந்திருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். தலையாட்டினால் போதாது. பிறகு ஒரு மெழுகுதிரியைச் சிரட்டையில் கொளுத்தி நிலத்தில் வைப்பார். தடித்த கையுறை, கால்மூடிய சப்பாத்து. பலகையைச் சாக்கில் சுற்றி மரச் சுத்தியலால் உடைப்போம். அலுமினியக் கரண்டி பட்டால் கட்டி கீச்சென்று கத்தும், பல் கூசும். உடைத்த துண்டைக் கடதாசியில் சுற்றித்தான் மீனுக்கு மேல் வைக்கலாம். நேரே வைத்தால் மீன் சதை வெந்தது போல் வெளுத்துப்போகும். வெறுங்கையால் தொட்டால் எங்கள் சதையும் அப்படித்தான். கடைசித் துண்டு எடுக்கத் தலையைப் பெட்டிக்குள் விட்டுக் குனியக்கூடாது. ஒருநாள் எனக்கே மூடிக்குக் கிட்டக் குனிந்தபோது மூக்குக்குள் சோடா ஏறியது போல் சுள்ளென்றது. ஓடி வந்தவள் போல் மூச்சு வாங்கியது. நிமிர்ந்து வெளியே போய் நின்றேன். தலையிடி மத்தியானம் வரை விடவில்லை.

மெழுகுதிரியை ஏன் நிலத்தில் வைக்கிறார் என்று முதல் நாளே கேட்டேன். கோயிலில் மேலே வைத்துத்தானே எங்களுக்குப் பழக்கம்.

"இந்த வாயு பாரம், தங்கச்சி. வெள்ளம் மாதிரிப் பள்ளம் தேடிப் போகும். நிலத்தில நிரம்பித்தான் மேல வரும். திரி அணைஞ்சா எல்லாரும் வெளிய. ஆனா திரி எரியுதெண்டு ஆறுதலா நிக்கவும் கூடாது. அது அணையிறதுக்கு முந்தியே மனுசனுக்குத் தலை சுத்தும்."

"புகை தெரியாமல் போனால் சரிதானே சேர்?"

"புகை வெறும் நீராவி. கண்ணுக்குத் தெரியிறது ஒண்டும் செய்யாது. தெரியாததுதான் ஆளை விழுத்தும்."

அதற்குப் பிறகு அவர் சொன்ன கதையால்தான் அவருடைய ஒழுங்கெல்லாம் எங்களுக்கு விளங்கியது. புத்தளத்தில் இருந்தபோது பாவிக்காத கிணறொன்றைத் துப்புரவாக்க அவருடைய மச்சான் இறங்கினாராம். அடியில் இப்படித்தான் வாயு தேங்கி நின்றிருக்கிறது. மச்சான் விழுந்தார். அவரைத் தூக்க றபீக் சேரின் நானா, மூத்தவர், இறங்கினார். அவரும் விழுந்தார்.

"மூணாவதா நான் இறங்கப் பாத்தன். உம்மா என்ட சாரத்தைப் பிடிச்சு இழுத்து நிலத்தில போட்டா. ரெண்டு மய்யித்தோட போச்சு, இல்லாட்டி மூணு. ஆரும் விழுந்தா வெளிய நிண்டு இழுக்கப் பாருங்க. காத்து விடப் பாருங்க. பின்னால மட்டும் போயிராதீங்க. பெத்த புள்ளையா இருந்தாலும் சரி."

பெத்த பிள்ளை விழுந்தால் எந்தத் தாய் கரையில் நிற்பாள் என்று நான் அப்போது மனதுக்குள் நினைத்தேன். அவருக்கு முன்னால் சொல்லவில்லை.

எப்போதும் இப்படிப் பயங்கரக் கதைதான் என்று நினைக்கவேண்டாம். அந்த வேலையில் சிரித்த நாட்கள்தான் எனக்கு அதிகம். லொறி மன்னார்ப் பாலம் கடக்கும்போது சோதனைச் சாவடியில் மறித்துப் பார்க்கிற காலம் அது. ஒருநாள் லொறியில் சேரும் போனார், கொழும்பில் சரக்குக் கணக்குப் பார்க்க நானும் போனேன். புதிதாக வந்திருந்த ஒரு சிப்பாய் பெட்டியைத் திறந்தான். குபுகுபுவென்று புகை வந்ததுதான் தாமதம், "மே மொகத?", இது என்ன என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு, குண்டென்று நினைத்துத் தெருவில் குப்புற விழுந்தான். மற்றவர்களும் விழுந்தார்கள். எங்கள் சாரதியும் விழுந்தான். நிமிர்ந்து நின்றது சேரும் நானும்தான்.

சேர் அவசரப்படவில்லை. கையுறையைப் போட்டு ஒரு சின்னத் துண்டை எடுத்து, அங்கே மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டார். தண்ணீர் கொதிக்கிறது போல் குமுறிப் புகை வழிந்தது. புத்தளத்தில் பழகிய சிங்களத்தில் மெல்லமாக விளங்கப்படுத்தினார். விழுந்தவன் எழும்பி வந்து, பயந்து பயந்து புகைக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தான். அதற்குப் பிறகு எங்கள் லொறி போனால் சாவடியில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஆயத்தமாக இருக்கும்.

இனி, நான் சொல்லவேண்டிய பெரிய விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் தவக்காலக் கடைசியில் பாஸ் போடுவார்கள். இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டுகிற நாடகம் அது. பெரிய வெள்ளியன்று சிலுவைக் காட்சி. உயிர்ப்புக் காட்சி ஞாயிற்றுக்கிழமை பொழுது படுகிற நேரம், கோயில் வளவில், கடல் பக்கமாக. பல வருசமாக இயேசுவாக நடித்தவர் என் மனிசன் சந்தியோகு. கடற்றொழிலாளி. தாடியும் தோளும் பொருத்தமாக இருந்தன. குரல் மட்டும்தான் கொஞ்சம் கூட. வீட்டில் அவர் கதைத்தால் அடுத்த தெருவில் பதில் சொல்லுவார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இயேசுவாக நடிக்கிறவர் வெள்ளி மத்தியானம் சிலுவையில் உயிர் விட்டதிலிருந்து ஞாயிறு கல்லறைக் கல் திறக்கும்வரை வாய் திறக்கக்கூடாது. மேடையில் மட்டுமில்லை, வீட்டிலும்தான். நேர்த்தி மாதிரி. அந்த இரண்டு நாளும் எனக்கு நல்ல ஓய்வு என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பகிடி விடுவேன். ஆனால் அவர் அதை விளையாட்டாக எடுத்ததில்லை. ஒரு வருசம் கொதிக்கிற தேத்தண்ணி அவருடைய காலில் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கையால்தான் சைகை காட்டினார். ஒரு சத்தம் வரவில்லை.

நாடகம் பழக்குகிறவர் பத்திநாதர் அண்ணாவியார். கெட்டிக்காரர், பிடிவாதக்காரர். அந்த வருசம் மன்னார் டவுனில் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெண்புகைக்கு நடுவில் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு வந்தார். அது ட்ரை ஐஸ் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி ஜெசிந்தா, கல் புரளேக்க கல்லறைக்குள்ளயிருந்து அந்தப் புகை வரவேணும். சனம் விறைச்சுப்போகும்."

நான் றபீக் சேரிடம் கேட்டேன். அவர், "உங்கட பெருநாளுக்கு நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா பெட்டி கல்லறைக்கு வெளிய, திறந்த வெளியில நிக்கோணும். நீங்க பக்கத்தில நிக்கோணும். வேற ஆரும் தொடக்கூடாது" என்றார். அண்ணாவியாரிடம் அதை அப்படியே சொன்னேன். அவரும் சரி என்றார்.

கல்லறையைப் பற்றிச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். உயிர்க்கிறவர் பூமிக்குள்ளிருந்து எழும்பி வருவது போல் இருக்கவேண்டும் என்பதற்காக, மணலில் இடுப்பளவு கிடங்கு வெட்டியிருந்தார்கள். மணல் சரியாமல் உள்ளே தார்ப்பாய் மாதிரி ஒரு பெரிய படங்கு விரித்து, அதன் நாலு மூலையிலும் கயிறு போட்டு மேலே முளையில் கட்டியிருந்தார்கள். அதற்கு மேல் கம்பும் சாக்கும் வைத்துக் குகை மாதிரிக் கட்டி, சீமெந்துப் பால் பூசியிருந்தார்கள். வாசலில் பலகையில் செய்த வட்டக் கல். உள்ளே ஒரு அரிக்கன் லாம்பு. அதன் வெளிச்சம் சாக்கு இடுக்கால் மஞ்சளாகத் தெரியும், பார்க்க வடிவாக இருக்கும். பள்ளம், சுற்றிவரப் படங்கு, மேலே மூடி. வாயு தேங்குவதற்கு இதைவிட நல்ல தொட்டி யாராலும் கட்டமுடியாது.

ஒத்திகையில் பெட்டியைக் கல்லறைக்கு வெளியே வைத்து, தண்ணீர் ஊற்றி, ஃபான் போட்டுப் பார்த்தோம். வந்த புகையெல்லாவற்றையும் கடற்காற்று அள்ளிக்கொண்டு போனது. அண்ணாவியாரின் முகம் தொங்கிப்போயிற்று. "வாறது வரட்டும் அண்ணை, கொஞ்சப் புகையெண்டாலும் போதும்" என்றேன். அவர் தலையாட்டினார்.

ஞாயிறு பின்னேரம் வளவு நிறையச் சனம். மாதாவாக நடிக்கிற பிள்ளை மகனை இழந்த புலம்பலைப் பாடத் தொடங்கினாள். அது நீளமான பாட்டு. அது முடியத்தான் கல் திறக்கும். சுடுதண்ணீர் ஊற்றினால் புகை தடிப்பாக வரும் என்பதால், நான் சுவாமியாரின் குசினிக்குப் போய்க் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் பெட்டியின் மூடி திறந்து கிடக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை.

"எங்க அண்ணை ஐஸ்?"

அண்ணாவியார் முகம் மலர்ந்து கல்லறையைக் காட்டினார். "உள்ளுக்கே வைச்சிட்டன். பெரிய பேசின்ல தண்ணி விட்டு முழுக்கக் கொட்டினனான். காத்து இனி ஒண்டும் பண்ணேலாது!"

"அவர் எங்க?"

"படுத்திருக்கிறார். கல்லும் மூடியாச்சு."

கேத்தல் என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. "திறவுங்கோ அண்ணை! அது நஞ்சு!" என்றேன்.

"ஐஸ்தானே தங்கச்சி" என்றார் அவர். அவரில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் ஊர் ஆண்கள் வள்ளத்தில் ஐஸுக்கு மேல் சாக்குப் போட்டுப் படுத்து நித்திரை கொண்டு வளர்ந்தவர்கள். வெயிலில் ஐஸ் கட்டியை வாயில் போட்டுச் சூப்புகிறவர்கள். ஐஸ் ஆளைக் கொல்லும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் வீட்டில் எத்தனை தரம் சொல்லியும் என் மனிசனே நம்பவில்லைத்தானே. அண்ணாவியார் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார்.

"புலம்பல் முடிய இன்னும் கொஞ்சம்தான். நடுவில கல்லைத் தொடக்கூடாது. வழக்கமில்லை" என்றார் அண்ணாவியார்.

நான் கல்லறையின் பின்பக்கம் ஓடிப்போய்ச் சாக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். "இஞ்சேருங்கோ! சத்தம் குடுங்கோ! ஒருக்காச் சத்தம் குடுங்கோ!"

பதில் இல்லை. எப்படி இருக்கும்? அவர் வாய் திறக்கமாட்டார். நல்ல சுகமாகப் படுத்திருந்தாலும் பதில் வராது, செத்துக் கிடந்தாலும் வராது. அசையவும் மாட்டார், செத்தவராக அல்லவா நடிக்கிறார். உள்ளே கிடப்பது எந்தச் சந்தியோகு என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரம் நான் பட்ட பாட்டை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மாதா அங்கே பாட்டில் அழுகிறாள், சனமும் அழுகிறது, நான் பின்னால் நின்று சாக்கைப் பிராண்டுகிறேன்.

அப்போது சாக்கு இடுக்கில் தெரிந்த மஞ்சள் வெளிச்சம் சுருங்கியது. பிறகு அணைந்தது.

நான் மேடைக்கு முன்னால் ஓடினேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பாட்டுக்கு நடுவில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லைப் பிடித்துத் தள்ளினேன். கல் புரண்டது. உள்ளேயிருந்து பால் மாதிரிப் புகை வழிந்து மணலில் பரவியது.

சனம் "ஆ!" என்றது. கல் திறந்தால் தொடங்கவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தபடியால் பாண்ட்காரர் தொடங்கிவிட்டார்கள். கோயில் மணி அடித்தது. பாடகர் குழு எழும்பி அல்லேலூயா பாடியது. நான் கத்துவது ஒருவருக்கும் கேட்கவில்லை. கல்லறைக்குக் காவல் நின்ற உரோமைச் சேவகன் மடுத்தீன், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, ஈட்டியோடு மயங்கி விழுந்தான். அந்த வேளையில் எனக்கு உதவக்கூடிய ஒரே ஆள் என் காலடியில் கண்ணை மூடிக்கொண்டு நடிக்கிறான்.

ஓர் உதை உதைத்தேன். "எழும்படா மடுத்தீன்! உண்மையா விழுந்திட்டாரடா!"

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தவன் துள்ளி எழும்பினான். கிடங்குக்குள் குனிந்து பார்த்தான். புகை விலகிய இடத்தில் அவருடைய கால் தெரிந்தது, கட்டை மாதிரி. "அண்ணை!" என்று கத்திக்கொண்டு மடுத்தீன் உள்ளே குதிக்கப் போனான்.

அவனுடைய சிவப்புச் சால்வையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். "இறங்காதை! இறங்கினால் நீயும் சரி!"

"விடுங்கோ அக்கா! உங்கட மனிசனல்லோ உள்ளுக்கு!"

ஓம், என் மனிசன்தான். இடுப்பளவு கிடங்கு. ஒரு எட்டு வைத்தால் கையைப் பிடித்துவிடலாம். எனக்குக் கால் இழுத்தது. உண்மையைச் சொல்கிறேன், மடுத்தீனைப் பிடித்த அந்தக் கைதான் என்னையும் பிடித்தது. அவனை விட்டிருந்தால் நானும் இறங்கியிருப்பேன். கிணற்றடியில் மகனுடைய சாரத்தைப் பிடித்து இழுத்த அந்த உம்மாவை நான் கண்டதில்லை. அவவுக்கு மற்ற மகன் உள்ளே கிடந்தான் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

"ஈட்டியால சாக்கை அடிச்சு விழுத்து! காத்துப் போகட்டும்!" என்றேன். மடுத்தீன் வெறிபிடித்தவன் போல் அடித்தான். கம்பும் சாக்கும் சரிந்தன. கடற்காற்று உள்ளே புகுந்தது. ஆனால் பள்ளத்தில் கிடக்கிற வாயு அவ்வளவு லேசில் எழும்பாது. அவரை எடுத்தாகவேண்டும்.

அப்போதுதான் படங்கின் கயிறுகள் கண்ணில் பட்டன.

பாண்ட் சத்தம் நின்றிருந்தது. முன்வரிசை ஆண்கள் எழும்பி ஓடி வந்தார்கள். எல்லோரும் கரைவலை இழுக்கிற கைகள். "முளைக் கயிறை அவிழுங்கோ! நாலு மூலையையும் பிடியுங்கோ! ஒருத்தரும் குனியாதேங்கோ, முகத்தை மேல வைச்சுக்கொண்டு இழுங்கோ! வலை இழுக்கிற மாதிரி!"

வேறு விளக்கம் தேவைப்படவில்லை. யாரோ ஒருவர் "ஏலேலோ" என்றார். கைகள் சேர்ந்து இழுத்தன. பேசின் கவிழ்ந்தது, தண்ணீர் சலசலத்தது, புகை குபீரென்று எழும்பியது. அதற்குள்ளிருந்து படங்கோடு சேர்த்து என் மனிசன் மேலே வந்தார். வெள்ளை உடுப்பு நனைந்து, தோளில் ஐஸ் துண்டொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பால் தட்டிவிட்டேன். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

காற்று வருகிற பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மணலில் ஒருக்களித்துக் கிடத்தினோம். முகம் கடும் சிவப்பு, நெற்றியெல்லாம் வியர்வை. மூக்கடியில் கையை வைத்தேன். மூச்சு இருந்தது. மெல்லிசாக, விட்டு விட்டு. பங்குத் தந்தை அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு ஓடி வந்து பக்கத்தில் முழங்காலில் இருந்தார். அண்ணாவியார் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

சேர் சொல்லித் தந்த ஒன்று மிச்சம் இருந்தது. ஆள் கண் விழித்தால் பெயரைக் கேட்கவேண்டும். சரியாகச் சொன்னால் மூளைக்குப் பழுதில்லை. சொல்லாவிட்டால் பயப்படவேண்டும்.

மூச்சு மெல்ல மெல்ல ஆழமாகியது. நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. இருமினார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"உங்கட பேர் என்ன?" என்றேன்.

என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"பேரைச் சொல்லுங்கோ! நான் ஆர்? நான் ஆரெண்டு தெரியுதோ?"

பேசாமல் பார்த்துக்கொண்டே கிடந்தார். எனக்கு உலகம் இருண்டுபோயிற்று. மனிசன் உயிரோடு வந்திருக்கிறார், ஆனால் என்னைத் தெரியாமல் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "ஆண்டவரே" என்று கத்தினேன். எந்த ஆண்டவரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

அப்போது அவர் கையைத் தூக்கினார். சுட்டுவிரலைக் கொண்டுபோய்த் தன் உதட்டில் வைத்தார். பிறகு கல்லறைப் பக்கம் காட்டினார்.

பங்குத் தந்தைக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் குனிந்து, "சந்தியோகு, கல் திறந்தாச்சு. நீர் இனிக் கதைக்கலாம்" என்றார்.

என் மனிசன் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார்.

"பாட்டு முடியேல்லை" என்றார். "அதுக்குள்ள ஏன் கல்லைத் திறந்தனீர்?"

ஊர் பார்க்க, பங்குத் தந்தை பார்க்க, அந்த வெள்ளை உடுப்போடும் தாடியோடும் கிடந்தவரைக் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை அறைந்தேன். பிறகு தலையைத் தூக்கி என் மடியில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாதாவாக நடித்த பிள்ளையைவிடப் பெரிய சத்தமாக அழுதேன்.

"நோகுதப்பா" என்றார்.

"நோகட்டும்" என்றேன்.